சின்ன உப்போடையில் எடுத்த படம்

ஓகஸ்ட் 3, திங்கள்

கச்சான், மேற்கிலிருந்து வீசுகிற வெக்கைக் காற்று. விடியலிலிருந்தே. யன்னல் பலகையைத் தொட்டால் அடுப்படிச் சுவர் மாதிரி. விடுதிப் பிள்ளைகள் வெள்ளியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் இன்றைக்குப் போயிருக்க வேணும். பெட்டி கட்டியாயிற்று. அப்பா வந்தாறுமூலைச் சந்தியில் வந்து நிற்பார், பாவம். வயல்வட்டையில் நெற்சூடு போடுகிற நாள், அதை விட்டுவிட்டு.

பஸ்ஸுக்குப் புறப்படுகிற நேரம் பள்ளிக்கூடத்துப் பெரிய மிஸ் கூப்பிட்டு அனுப்பினா. (இனி பெ.மி. முழுப் பேரும் எழுதக் கை வராது.) சீமையிலிருந்து வந்து இருபது வருசம் ஆகியும் அவவின் தமிழ் வேதப்புத்தகத்தை விட்டு இறங்கவில்லை.

"ஞானம்மா, எனக்கு ஓர் உபகாரம் செய்வாயா? என் சிநேகிதி ஒருத்தி மலைநாட்டிலிருந்து வந்திருக்கிறாள். பட்டணத்தைக் கால்நடையாய்ச் சுற்றிப்பார்க்க வாஞ்சிக்கிறாள்."

கார் இருக்கிறது. காரில் போகமாட்டாவாம். நடந்து பார்த்தால்தான் ஓர் ஊரைப் பார்த்ததாகுமாம்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. வாற வருச ரீச்சர் பயிற்சிக்குக் கொழும்புக்கு இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பேர்தான் போகும். பேரை எழுதுகிறவ பெ.மி.

சிநேகிதியின் பேர் மிசிஸ் ஹார்வுட். புருசனுக்குத் தேயிலைத் தோட்டம். நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் புள்ளி. நன்றாகச் சிரிக்கிறா. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னா. பெ.மி. முன்னால் நான் இருந்தது இதுதான் முதல் தரம். உள்ளதைச் சொன்னால், எனக்கு அவவைப் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு ஆள் அனுப்பியாயிற்று. பெட்டியைத் திரும்ப அவிழ்த்தேன்.

ஓகஸ்ட் 4, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வெள்ளென வெளிக்கிட்டோம். அவவுக்கு அகலத் தொப்பி, தோல் சப்பாத்து, கழுத்தில் கமெரா. எனக்குக் குடை, செருப்பு, தண்ணீர்ப் போத்தல். குடைக்குள் வாங்க என்றேன். வெயில் அருமையாக இருக்கிறதாம். அந்த நேரம் வெயில் இன்னும் தொடங்கவேயில்லை.

முதலில் சந்தை. காத்தான்குடித் துணிக்கடை நானா ஒருத்தர் சாறனை விரித்துப் போட்டு, "தங்கச்சி, சாயம் போகாதெண்டு சொல்லுங்க இவக்கு" என்றார். சொன்னேன். துணியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தா. மீன் விற்கிற பெண்கள் தங்களுக்குள்: "பாருங்கா, இறால் அவிஞ்ச மாதிரி வந்து நிக்கா." மற்றவ: "வீட்டில சோறு கறி ஆக்குற வேலை இல்லியாக்கும்." என்ன சொல்கிறார்கள் என்று கேட்டா. நீங்கள் அழகாயிருக்கிறீர்களாம் என்றேன். சந்தோசப்பட்டு அவர்களுக்குக் கை காட்டினா. அவர்களும் காட்டினார்கள்.

அவ கேட்ட கேள்விகள், ஞாபகத்தில் இருக்கிறவை:

வாவியில் மீன் பாடுமாமே, பகலில் ஏன் பாடுவதில்லை.
வாவி முதலை வருசத்துக்கு எத்தனை பேரைத் தின்னும்.
நான் ஏன் பொட்டு வைக்கவில்லை. (நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை என்றேன். கொஞ்சம் ஏமாந்துபோனா.)
இந்த ஊரில் மத்தியானம் ஏன் ஒருவரும் நடப்பதில்லை.

கடைசிக் கேள்வியை அவ கேட்டபோது எங்களுக்கு முன்னால் விறகுக் கட்டோடு மூன்று பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

எடுத்த படங்கள்: சந்தை வாசல். வண்டிக்கரத்தை மாடு. வாவியில் வலை வீசிய இரண்டு பேர். மாதாகோயில். கோட்டை வாசல். குடையோடு நான் (சிரிக்கச் சொன்னா, சிரித்தேன்). பீரங்கி. பீரங்கியில் ஏறி நின்ற ஆடு. ஆட்டுக்காகக் கனநேரம் நின்றோம். அது இறங்குவதும் ஏறுவதும். அங்கேதான் என் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டேன். கோட்டைக் கல்லில் வெறுங்கால். அவ ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

திரும்புவோம் என்று கேட்டுப் பார்த்தேன். "இன்னும் ஒன்றுமே பார்க்கவில்லையே" என்றா. பாலம் கடந்து கோட்டைமுனை. அங்கிருந்து வாவிக்கரையால் சின்ன உப்போடைப் பக்கம், வேலிகளுக்கு நடுவால். மணல் ஒழுங்கை. நிழல் கண்ட இடத்திலெல்லாம் ஓடிப்போய் நின்றேன். கச்சான் மணலைக் கிளப்பிக் கண்ணில் அடித்தது.

ஓர் ஒழுங்கை முடிவில் சத்தம். அவ நின்றா.

"அது என்ன பாட்டு?"

பாட்டில்லை, சாவீடு என்றேன்.

"பார்க்கலாமா? மரியாதையாக வாசலில் நிற்பேன்."

தெரியாத வீடு, வேண்டாம் என்றேன். அதற்குள் கால் எட்டி வைத்துவிட்டா. நான் பின்னால்.

கிடுகு வேலி. வாசல் படலையில் வெள்ளைச் சீலை. பூவரசுக்குக் கீழே வாங்குப் பலகையில் நாலைந்து ஆம்பிளைகள். கத்தோலிக்க ஆட்கள். உள்ளே ஓவென்று அழுகை. எங்களைக் கண்டதும் ஒருவர் எழும்பி வந்தார். மெலிந்த ஆள், விரலெல்லாம் சுண்ணாம்பில் வெந்த தழும்பு. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. அவவின் கழுத்தில் தொங்கிய கமெராவைப் பார்த்தார்.

"ரீச்சரம்மா, இவ படம் புடிக்கிற ஆளா?"

ஓம் என்றேன்.

பேர் அந்தோனி. மேசன் வேலை. செத்தது மகள், திரேசி, நாலு வயது. ஒரே பிள்ளை. ஒரு கிழமைக் காய்ச்சல். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னார்.

"விடியக் காலத்தால படம் புடிக்கிறவரைத் தேடிப் போனன். கல்குடாவில கலியாணமாம், நாளைக்குத்தான் வருவாராம். இந்த வெக்கைக்குப் புள்ளய நாளை வரைக்கும் வெச்சிரிக்க ஏலுமா? மாதாதான் இவவ அனுப்பியிரிக்கா. கேளுங்களன். ஒரு படம். உசிரோட இரிக்கக்குள்ள எடுக்கல்ல நாங்க."

கேட்டேன். அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே கேட்டேன். எங்கள் வீட்டிலும் செத்துப்போன அம்மாவின் படம் இல்லை. மூக்கு உன்ர மூக்குத்தான் என்று அப்பா சொல்லுவார். கண்ணாடியில் மூக்கைப் பார்ப்பேன். மிச்ச முகம் எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது.

அவ கமெராவின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அந்தோனியைப் பார்த்தா. "ஆம், நிச்சயமாக" என்றா.

உள்ளே வெளிச்சம் போதாது என்று பிள்ளையை வெளியே கொண்டுவந்தார்கள். அழுகை நின்றுபோயிற்று. எல்லோருக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி. ஒருத்தி சீப்பு. ஒருத்தி கடுதாசிப் பூமுடி. ஒருத்தி பவுடர் கேட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினா. தாய், பேர் செபமாலை, கதிரையில் இருந்தபடி பிள்ளையை மடியில் வாங்கி நிமிர்த்திப் பிடித்தா. தலை சரிந்தது. நாடிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து நிமிர்த்தினா.

"எண்ட விரல் படத்தில விழுமா? விழாமப் புடிக்கட்டா?"

விழாது, அப்படியே பிடியுங்க என்று நான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்.

"மகள், அந்தா பாரு. அந்த அம்மாவைப் பாரு."

மிசிஸ் ஹார்வுட் மணலில் முழங்காலில் நின்றா. தொப்பியைக் கழற்றி வைத்தா. குனிந்து கனநேரம் பார்த்தா. டிக். இன்னொரு தரம். டிக். எழும்பும்போது கண் கலங்கியிருந்தது. அந்தோனியின் கையைப் பிடித்தா. வாங்கில் இருந்த ஆம்பிளைகள் எழும்பி நின்றார்கள்.

"எப்ப கிடைக்கும் எண்டு கேளுங்களன்."

கேட்டேன். "கழுவ வேண்டும். அனுப்புவேன் என்று சொல்" என்றா.

நான் சொன்னது: "அனுப்புவா. வந்ததும் நானே கொண்டாறன்." அந்த இரண்டாவது வசனம் என்னுடையது. ஒருவரும் சொல்லச் சொல்லவில்லை.

பின்னேரம் அடக்கம். நாங்கள் நிற்கவில்லை. பாலத்தடியில் இளநீர் குடித்தோம். குடித்து முடித்து, "எவ்வளவு அருமையான சனங்கள்" என்றா. பிறகு என் காலைக் கண்டு, "ஐயோ, ஏன் சொல்லவில்லை நீ" என்றா.

ஓகஸ்ட் 5, புதன்

உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். தேங்காயெண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொண்டு இருக்கிறேன். காற்று அடங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

பத்து மணி போல் படலையில் அந்தோனி மேசன். தோளில் ஒரு வாழைக்குலை, கதலி. பிள்ளையை அடக்கி ஒரு இரவுதான் போயிருக்கிறது. முகம் மழிக்கவில்லை. "துரைசாணி அம்மாவுக்கு" என்று விறாந்தையில் வைத்தார்.

மிசிஸ் ஹார்வுட் வெளியே வந்தா. குலையைப் பார்த்து, "எவ்வளவு கேட்கிறான்?" என்று என்னிடம் கேட்டா.

அவ ஆளை அடையாளம் காணவில்லை. நேற்று இந்தக் கையைத்தான் பிடித்தா.

சொன்னேன். விற்க வரவில்லை, நேற்றைய பிள்ளையின் தகப்பன், உங்களுக்கு நன்றி சொல்லக் கொண்டுவந்திருக்கிறார். அவவின் முகம் மாறியது. வெட்கம் என்று நினைத்தேன். வேறு ஏதோ.

அந்தோனி: "ரீச்சரம்மா, ஒண்டு கேக்கணும். புள்ளைக்குக் கண் மூடித்தானே இரிந்த. படத்தில கண் திறந்த மாதிரி மையால எழுதலாமாம், கொழும்பில செய்றாங்களாம் எண்டு ஒராள் சொன்னார். அப்பிடிச் செய்து அனுப்புவாவா? ஏலாட்டிக் காரியமில்ல."

மொழிபெயர்த்தேன். அவ தலையை ஆட்டினா. ஓம் என்றுமில்லை, இல்லை என்றுமில்லை. அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் காலைப் பார்த்துவிட்டு, "மஞ்சள் போடுங்க" என்றார்.

அவர் படலை தாண்டினதும் மிசிஸ் ஹார்வுட் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவ சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஞானம்மா, கமெராவில் பிலிம் இருக்கவில்லை. ஒரு பிலிமில் எட்டுப் படம்தான். கடைசிப் படம் அந்த ஆட்டுக்குப் போய்விட்டது. அந்த மனிதனின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் அதுதான் இரக்கமாகத் தெரிந்தது."

வேறு பிலிம் இல்லையா என்று கேட்டேன்.

இருக்கிறதாம். அறையில். பெட்டிக்குள்.

பின்னேரம்தான் அடக்கம். நாங்கள் அங்கே நின்றது மத்தியானம். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். வெறுங்காலோடு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்திருப்பேன். இதை அவவிடம் சொல்லவில்லை. இங்கிலீசில் வரவில்லை. தமிழிலும் வந்திராது.

"என்மேல் கோபமா?" என்று கேட்டா. "இல்லை" என்றேன்.

ராச்சாப்பாட்டுக்கு மேசையில் கதலிப்பழம். நல்ல இனிப்பென்று பெ.மி. இரண்டு தின்றா. நான் தொடவில்லை.

ஓகஸ்ட் 6, வியாழன்

மிசிஸ் ஹார்வுட் காலைக் கோச்சியில் போயிற்றா. ஸ்டேசனில் பெ.மி.யும் நானும். என்னைக் கட்டிப்பிடித்தா. ஒரு கைலேஞ்சி தந்தா, ஓரத்தில் நீலப்பூ. "உன் படம் நன்றாக வந்திருக்கும், அனுப்புகிறேன்." கோச்சி அசையும்போது அவ அழுதா. அழுதது உண்மை. அதுதான் எனக்கு ஆற்றாமை. கெட்டவ என்றால் எவ்வளவு லேசு.

திரும்பி வரும்போது காரில் பெ.மி.யிடம் கேட்டேன், அந்தோனி வீட்டுக்கு என்ன சொல்வது என்று. சிநேகிதி எல்லாம் சொல்லியிருக்கிறா.

"ஒன்றும் சொல்லாதே. கொஞ்சக் காலம் பொறு. அவர்களுக்கு வேறே பிள்ளைகள் உண்டல்லவா?"

"இல்லை, மிஸ்."

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. கந்தோருக்குள் கூப்பிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு அட்டை எடுத்துத் தந்தா. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வர்ணப்பட அட்டை. பொன் மயிர், சிவந்த கன்னம், வெள்ளைக்காரக் குழந்தை. ஆட்டுக்குட்டியில் தலை வைத்து நித்திரை.

"இதை அந்தத் தாயினிடத்தில் கொடு. உன் பிள்ளை இப்படி இளைப்பாறுகிறாள் என்று சொல்."

"இது அந்தப் பிள்ளை இல்லையே, மிஸ்."

"அறிவேன். ஆனாலும் அது அவர்களுக்கு ஓர் ஆறுதல். பயிற்சிக்குப் போகிறவள் துயரப்படுகிறவர்களைத் தேற்றவும் அறிய வேண்டும், ஞானம்மா."

வாங்கினேன். கை நீண்டது, வாங்கியது. அதற்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பழகின கோபத்தோடு படுக்கப் போகிறேன். பிள்ளையை அடக்கிவிட்டு வந்த ஆளை அவன் இவன் என்கிறார்கள். நாங்கள் மிஸ் மிஸ் என்று நிற்கிறோம்.

ஓகஸ்ட் 7, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. வெக்கை. தலையிடி.

செய்ய வேண்டியவை: சீலை இரண்டு கழுவ. செருப்பு வார் தைக்கக் கொடுக்க. அப்பாவுக்கு மூக்குப்பொடி. சின்ன உப்போடை.

சீலை கழுவினேன். செருப்புத் தைப்பித்தேன். பொடி வாங்கினேன்.

அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி வடிவாகத்தான் கீறியிருக்கிறார்கள்.

கடைக்காரர் ஒரு ஆளிடம்: "நம்மட அந்தோனி மேசன்ட புள்ளய வெள்ளைக்காரத் துரைசாணி வந்து முழங்கால் போட்டுப் படம் எடுத்தாவாம். பெரிய ஆக்களுக்கும் கிடைக்காத மரியாதை." ஊரெல்லாம் கதை பரவியிருக்கிறது. பொடியை வாங்கிக்கொண்டு மிச்சக் காசை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு போய் எடுத்தேன்.

ஓகஸ்ட் 8, சனி

போனேன்.

தனியாக, நடந்து. அதே பாலம், அதே மணல் ஒழுங்கை. அன்றைக்கு நாங்கள் பார்த்ததாகச் சொன்ன ஊரில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது. ஒழுங்கைத் தலைப்பில் ஒரு கிணறு இருக்கிறது. அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

அட்டையைக் கொண்டுபோகவில்லை. உள்ளதைச் சொல்வது என்று முடிவு. சொல்லிவிட்டு என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது.

செபமாலை மட்டும் வீட்டில். அந்தோனி கல்லடியில் ஒரு வீட்டுச் சுவருக்குப் போயிற்றாராம். பாய் போட்டா. தேத்தண்ணி தந்தா, சீனி போட்டு. வீட்டுக்குள் பச்சைச் சுண்ணாம்பு மணம். பார்த்தால், நடுவீட்டுச் சுவரில் புதிதாக ஒரு மாடம். சுவரை வெட்டி, மேலே வளைவு வைத்து, ஓரத்தில் பூவேலை செய்து, கண்ணாடி மாதிரி மினுக்கியிருக்கிறார். உள்ளே ஒரு மெழுகுதிரி. வேறொன்றுமில்லை.

"படத்துக்கு" என்றா. "வேலையால வந்து விளக்கு வெளிச்சத்தில செய்றார். முப்பத்தொண்டாம் நாள் பூசைக்குள்ள படம் வந்திரும்தானே, ரீச்சரம்மா?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கமெராவில் பிலிம் இருக்கவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது, படம் இல்லை, வராது. துரைசாணிக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லையாம். எனக்குப் புதன்கிழமைதான் தெரியும்.

அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. நான் சொன்னது விளங்கவில்லையோ என்று திரும்பச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிற்பாட்டினா.

"அப்ப அந்தப் பெட்டிக்குள்ளால அவ என்னத்தப் பாத்த?"

"தெரியா."

"ரெண்டு தரம் பாத்தாவே."

கோழி ஒன்று வாசல்படி ஏறி வந்தது. அதை ஓட்டினா. திரும்ப வந்து இருந்து, தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"நான் என்ன நினைச்சிரிந்த தெரியுமா? படத்தில எண்ட விரலும் விழுந்திரிக்கும். விழட்டும். புள்ளயோட நானும் கொஞ்சம் இரிக்கனே எண்டு."

பிறகு கேட்டா: "எனக்கு ஏன் இதச் சொன்ன?"

உங்களை ஏமாற்ற விருப்பமில்லை என்றேன்.

"சொல்லாம விட்டிரிக்கலாம் நீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் கூடிப்போயிற்று என்று சொல்வது போல.

எழும்பப் போனேன். கையைப் பிடித்தா. பிடி இறுகியது.

"அவரிட்டச் சொல்லாதீங்க."

"சொல்லாம எப்பிடி அக்கா? கேப்பாரே."

"புள்ளய அடக்கிப்போட்டு வந்து அவர் ஒண்டும் தின்னல்ல. வாழைக்குலை வெட்டிக் கொண்டு உங்களிட்ட வந்திட்டுப் போய்த்தான் முதல் பிடி சோறு தின்ட. மறுகா இந்த மாடம். இதச் செய்யக்குள்ளதான் மனிசன் மாதிரிக் கதைக்கிறார். இப்ப சொன்னா அலவாங்கால இத இடிச்சுப்போடுவார். அதோட வேலைக்கும் போகமாட்டார்."

"எத்தின நாளைக்கு இப்பிடி?"

"ஏலுமான மட்டும். கழுவுறாங்க எண்டு சொல்லுங்க. கப்பலில வருகுதெண்டு சொல்லுங்க. மறுகா ஒரு நாளைக்கு நான் சொல்றன், தவறிப்போச்சாம் எண்டு. நான் சொன்னாக் கேப்பார்." என் கையை விட்டுவிட்டு: "துரைசாணியில பிழை சொல்லமாட்டன். பயப்படாதீங்க."

அந்தக் கடைசிச் சொல் எங்கே போய்க் குத்தவேணுமோ அங்கே குத்தியது.

உள்ளதைச் சொல்லி என்னைக் கழுவிக்கொள்ளப் போனேன். என் பாரத்தைத் தூக்கி அந்த மனிசியின் மடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி அவ இரண்டு பேருக்குமாகச் சுமக்கவேணும். மிசிஸ் ஹார்வுட் இரக்கம் என்று ஒன்று செய்தா. நான் உண்மை என்று ஒன்று செய்தேன். இரண்டுக்கும் கூலி செபமாலை கட்டுகிறா.

வெளியே வரும்போது, "தேத்தண்ணியக் குடிக்கல்லியே" என்றா. திரும்பிப் போய்க் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

ஆராதனை. இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம், கேட்கவில்லை. விசிறிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பெ.மி.: "கொடுத்தாயா?"

அட்டையை எடுத்து நீட்டினேன். "இல்லை, மிஸ். தாயிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்."

வெகுநேரம் அட்டையைப் பார்த்தா. மூலை மடங்கியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"என் சிநேகிதியை அவமானப்படுத்தினாய்."

"அவ பேரை அவர்கள் இன்னும் நல்லாத்தான் சொல்கிறார்கள்."

"ஞானம்மா, உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. பயிற்சிக்கு இந்த முறை வேறொருத்தியை அனுப்புகிறேன். அடுத்த முறை பார்ப்போம்."

"சரி, மிஸ்."

"என்மேல் கசப்பு வைக்காதே."

"இல்லை, மிஸ்."

கசப்பு வைக்காதே. வைப்பதற்கு இடமில்லாமல் இருக்கிறது.

அறைக்கு வந்து பெட்டி கட்டினேன். லேஞ்சியை வைப்பதா எறிவதா. வைத்தேன். நல்ல துணி.

ஓகஸ்ட் 10, திங்கள்

காற்று நின்றுபோயிற்று. அதனால் இன்னும் வெக்கை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸடிக்குப் போகும் வழியில், கோட்டைமுனைப் பாலத்தடியில், பின்னால் ஓர் ஆள் ஓடி வருகிற சத்தம். அந்தோனி. என் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. முகம் மழித்திருந்தார். இன்றைக்கு மனிசன் மாதிரித்தான் இருந்தார்.

"வீட்டுக்கு வந்தயளாம். மனிசி சொன்னா. படம் கழுவ அனுப்பியிரிக்காமே?"

"ஓம்."

"கப்பலில போய்த் திரும்பி வரணுமெண்டா நாள் எடுக்கும்தான்."

"ஓம்."

"அவசரமில்ல. மாடத்துக்கு ஒரு கண்ணாடி போடலாமெண்டு யோசிக்கன், தூசி படாம. கண்ணாடிக் கடைக்காரர் அளவு கேக்கார். படம் என்ன அளவில வரும், ரீச்சரம்மா?"

பஸ்ஸடி வந்துவிட்டது. வந்தாறுமூலைப் பக்கம் போகிற பஸ் நிற்கிறது. ஆட்கள் ஏறுகிறார்கள். அவர் பெட்டியை மேலே கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்று காத்துக்கொண்டிருந்தார். என் இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளங்கை இரண்டையும் எதிரெதிராகப் பிடித்தேன். கொஞ்சம் அகட்டினேன். பிறகு சுருக்கினேன்.

"இவ்வளவு" என்றேன்.

"அசையாமப் புடிங்க."

நிலத்தில் கிடந்த ஓர் ஈர்க்கை எடுத்து என் கைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். நகத்தால் அடையாளம் போட்டார். அந்த இடத்தில் முறித்தார். மிச்சத்தை எறிந்துவிட்டு, அளவுத் துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பஸ் வெளிக்கிட்டது.